வாவிக்கரையில் பயம் தெளிவித்த கதை

பயந்தவர்களுக்குப் பயம் தெளிவிக்கும் வேலையில் பெரிய தொல்லை, தெளிவிக்க வந்தவனுக்கும் அதே பயம் இருப்பதுதான். சண்டைக் காலத்தில் இந்த வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றும் மண்ணும் தண்ணீரும் உடம்பில் பட, மூச்சை நிதானமாக விட்டால் மனம் ஆறும் என்று பட்டணத்தில் பயிற்சி தந்து என்னை வாவிக்கரை ஊரான பெரியகல்லாற்றுக்கு அனுப்பினார்கள்.

பயம் தெளிய என்னிடம் வந்தவர்களில் என் கவலையெல்லாம் நாகமணி அண்ணனைப் பற்றித்தான். வாவியில் வலை இழுக்கும்போது கூட நின்ற தம்பியைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்தவர். அதன் பிறகு தண்ணீர் ஓரம் போனாலே கால் மரத்துவிடும். தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் பிள்ளைகள் அரைப் பட்டினி.

கண்ணை மூடுதல்

முதல் நாள் எல்லோரையும் கரையில் உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கொண்டு, காத்து முகத்தில படுறதைக் கவனியுங்க" என்றேன். நானும் மூடினேன். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் ஒருவர்கூட மூடவில்லை. ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகமணி அண்ணனின் மனைவி தங்கம் அக்கா என்னைத் தேற்றினார்: "நீங்க மூடுங்க தம்பி. ஆமி வந்தா நாங்க எழுப்புறம்."

நிலத்தில் படுத்தல்

"புல்லில படுங்க, நிலம் நம்மளத் தாங்குறது தெரியும்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எல்லோரும் குப்புற விழுந்தார்கள். முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி, குண்டு விழும்போது படுப்பதுபோல. நான் மட்டும் மல்லாந்து கிடந்தேன். வானத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் கண் தேடிக்கொண்டே இருந்தது. நாகமணி அண்ணன் தலை தூக்காமலே அதட்டினார்: "கிறுகிப் படுங்க தம்பி, நெஞ்சைக் காட்டிக்கொண்டு கிடக்கிறீங்க!"

தண்ணீரில் நிற்றல்

பிறகொரு நாள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் வரிசையாக, பேச்சில்லாமல் நின்றோம். நாகமணி அண்ணன் மட்டும் கரையில், தோணியைப் பிடித்தபடி. அந்த நேரம் பார்த்து ரோந்து வந்தது. "என்ன செய்றது?" என்று ஒரு ஆமிக்காரன் கேட்டான். "தண்ணி காலில படுறதைக் கவனிக்கிறம்" என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவன் கையிலிருந்த துவக்கின் குழல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து தங்கம் அக்காவிடம் நின்றது. தண்ணீர் சளசளத்தது. நாகமணி அண்ணன் வந்து மனைவிக்கு முன்னால் நின்றார். ஆமிக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "கவனிச்சது போதும். வீட்டுக்குப் போ" என்றான்.

அவர்கள் மறைந்தார்கள். தங்கம் அக்கா கணவரின் நனைந்த காலைக் காட்டினார்: "இஞ்ச பாருங்க, எங்க நிக்கிறீங்க எண்டு!"

தோணி

மறுநாள் விடியவே நாகமணி அண்ணன் தோணியை நிமிர்த்தினார். ஏறியதும் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையில் காதை வைத்தார். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க இங்கே எல்லோரும் செய்வதுதான். என் பயிற்சி பலித்துவிட்டதென்று பூரித்து, "மீன் பாடுதா அண்ணன்?" என்றேன்.

"ரோந்துப் படகுட எஞ்சின் கேக்குதா எண்டு பாக்கிறன்."

கேட்கவில்லை போலும், துடுப்பை வலித்தார். கரையில் நின்ற மனைவியிடம் சொன்னார்: "பயமெல்லாம் அப்பிடியேதான் கிடக்கு. நீ போய் உலைய வை."

அக்கா உலை வைக்கப் போய்விட, தோணி திரும்பக் கண்ணில் படும்வரை மூச்சு விடத் தெரியாமல் கரையில் நின்றது, மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கிய நான் ஒருவன்தான்.