நாலு நிற நூல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக அங்கே குப்பை கொட்டுகிறவள். எலி மூளையில் ஒரு என்சைம் எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறது, எப்போது தூங்கி வழிகிறது என்று நாலு மணிக்கொரு தரம் அளப்பது அவள் வேலை.

பெண் எலியின் ஹார்மோன் நாலு நாளில் ஒரு சுற்று வரும். தினமும் காலையில் ஒவ்வொன்றின் பிறப்புறுப்பிலிருந்தும் துளி நீர் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சுற்றில் எத்தனையாம் நாள் என்று கண்டுபிடித்து, கூண்டில் அதற்குரிய நிறத்தில் நூல் கட்டுவாள். அளவு எழுதும் தாளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு புள்ளி வைப்பாள்.

அன்று பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். 'பெண் எலிகளின் எண்கள் தாறுமாறு. அளவெடுத்ததில் பிழை. நீக்கப்பட்டது.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம். போட்டால் பத்தொன்பது வருஷப் பேரும் போச்சு!

"ஆண் எலிங்களுக்கு அழகா வந்திருக்கும்மா. இதுலதான் உங்களுக்குக் கை தவறியிருக்கு."

"ரெண்டையும் அளந்தது இதே கைதானே சார்? என் புள்ளியெல்லாம் எங்க?"

"அதுவா? ஏதோ கிறுக்கல்னு கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது விட்டுட்டோம்."

கிறுக்கலாம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் பழைய தாள்களைத் தரையில் பரப்பினாள். நிறவாரியாக நாலு கட்டாகப் பிரித்தாள். வரைதாளில் நாலு கோடு போட்டாள். ஒவ்வொன்றும் ஒழுங்காக ஏறி, ஒழுங்காக இறங்கியது. உச்சம் மட்டும் ஒரு நாள் மதியம், மறுநாள் சாயங்காலம் என்று நகர்ந்திருந்தது. நாலையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் தாறுமாறாகத்தானே தெரியும்?

பேராசிரியர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"சரியாத்தான் இருக்கு. ஆனா இப்படிப் பிரிச்சா நாலு மடங்கு எலி வேணும், நாலு மடங்கு வேலை. இந்தத் தடவை ஆண் மட்டும் போதும். நீங்க கையெழுத்த போடுங்க."

"நல்லா இருக்கு சார் நியாயம்! நாளைக்கு இத வெச்சு மாத்திரை செய்வாங்கல்ல? அத ஆம்பளைங்க மட்டும்தான் முழுங்கப் போறாங்களா?"

பேராசிரியர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

அவளும் வாங்கிக்கொண்டாள். 'அளவெடுத்ததில் பிழை' என்பதை அடித்தாள். மேலே எழுதினாள்: 'அளவு சரி. நாள் பிரித்துப் பார்க்கவில்லை.' கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெயரைப் பேராசிரியர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தார்.