ஏழாம் நம்பர் ஹெட்செட்டும் இருபதுக்குப் பதினெட்டும்

இன்று காலை லேபில் ஒரு சீன மாணவியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

(பிடிபட்டது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. என் அப்பா விருதுநகரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பப்ளிக் எக்ஸாம் வந்தால் பறக்கும் படையில் போவார். பேனா மூடிக்குள், சாக்ஸுக்குள், ஸ்கேலுக்குப் பின்னால் என்று பிட் எங்கெல்லாம் இருக்கும் என்பதைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டு வளர்ந்தவள் நான். கதவை மூடியதும் ஃப்ரிட்ஜுக்குள் லைட் நிஜமாகவே அணைகிறதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது ஜெர்மனியில், பான் நகரத்தில் மொழித் தேர்வுகள் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். சீனாவிலிருந்து மூன்று வாரத்துக்குப் பதினெட்டு ஹைஸ்கூல் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கில ரீடிங், லிசனிங் இரண்டையும் சோதிப்பது என் வேலை. கேள்வித்தாளும் நான் தயாரித்ததுதான் (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்).

இரண்டிலும் இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தால் இங்கே நடக்கும் அறிவியல் பயிற்சியில் இடம். காப்பி அடித்ததாக நான் ஒரு வரி எழுதினால் அந்த இடம் போய்விடும். அவர்கள் பள்ளிக்கும் கடிதம் போகும்.

நேற்று டெஸ்ட்.

லிசனிங் ஓடும்போது எல்லாப் பிள்ளைகளும் கண்ணைச் சுருக்கி, ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் நம்பர் சீட்டில் இருந்த யூட்டிங் மட்டும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடியோ முடியும் முன்பே பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

எனக்குள் இருந்த பறக்கும் படை எழுந்து நின்றது.

மதிப்பெண் வந்தது. ரீடிங்கில் பத்தொன்பது, சரி. லிசனிங்கில் பதினெட்டு! மற்றவர்கள் யாரும் பதினான்கைத் தாண்டவில்லை.

பக்கத்து சீட்டைப் பார்த்து எழுதினாளா? பக்கத்து சீட்டு வாங்கியதே பதினொன்று.

விடைகள் முன்பே வெளியே போய்விட்டனவா? அவை என் லேப்டாப்பில்தான் இருந்தன. லேப் டெக்னீஷியன் ரவி அண்ணை காரிடாரில் அவளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருக்கிற மனிதர், எனக்கு வாராவாரம் வடை கொண்டுவந்து தருபவர். அவரையும் சந்தேகப்பட்டேன். (அவள் டாய்லெட் எங்கே என்று கேட்டிருக்கிறாள்.)

அப்படியென்றால் ஹெட்செட்டுக்குள்தான் ஏதோ இருக்க வேண்டும். யாரோ விடை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! புரொஃபசருக்கு மெயில் எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

இன்று காலை யூட்டிங்கை வரச் சொல்லி, அவள் முன்னாலேயே ஏழாம் நம்பரை எடுத்து என் காதில் மாட்டினேன். ரவி அண்ணையிடம் ஆடியோவை ஓடவிடச் சொன்னேன்.

எதுவும் கேட்கவில்லை. சுத்தமாக எதுவுமே கேட்கவில்லை.

ரவி அண்ணை வாங்கிப் பார்த்தார். "வயர் உள்ளுக்க அறுந்துபோச்சு தங்கச்சி. ஆட்டினா கொஞ்சம் கேக்கும், பிறகு நிண்டிடும்."

யூட்டிங்கிடம் கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில், சாரம் இதுதான்.

"நேத்து உனக்கு எதுவுமே கேக்கலையா?"

"முதல் கேள்வி கேட்டது. அப்புறம் நின்னுடுச்சு."

"ஏன் கை தூக்கல?"

"எங்க ஸ்கூல்ல லிசனிங் ஓடும்போது யாரும் கை தூக்க மாட்டோம். ஆடியோ ஒரு தடவைதான் வரும். நான் பேசினா கிளாஸ்ல அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி போயிடும்."

பிறகு எப்படிப் பதினெட்டு? அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆடியோ வரும் முன்பே எல்லாக் கேள்வியையும் படித்து விடையை ஊகித்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கிற முதல் பயிற்சியாம். ஊகித்தது சரியா என்று பார்க்க மட்டும்தான் காது.

என் கேள்வித்தாளை எடுத்துக் காட்டினாள்.

கேள்வி ஆறு: அவர் எங்கே போகிறார்?

கேள்வி ஏழு: அங்கே அவர் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஆறுக்கு விடை ஆஸ்பத்திரி என்று டிக் அடிக்க ஹெட்செட் எதற்கு?

இப்படி வரிசையாகக் காட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் கொடுத்திருக்கும் மூன்று விடைகளில் சரியானது மட்டும் எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கிறதாம். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அப்போதும் நம்பவில்லை (வளர்ப்பு அப்படி). "எனக்கு இங்கிலீஷ் பெரிசா வராது, டொச் எண்டா கேளுங்கோ" என்று எப்போதும் சொல்கிற (டொச் என்றால் ஜெர்மன்) ரவி அண்ணையிடம் கேள்வித்தாளை மட்டும் கொடுத்தேன். ஆடியோ கிடையாது.

பதினான்கு எடுத்தார்.

பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "அப்ப தங்கச்சி, இது காதுக்கான சோதினையோ, கண்ணுக்கான சோதினையோ?"

டிராஃப்டில் இருந்த மெயிலை அழித்தேன். வேறு மெயில் எழுதினேன். அதில் தப்பு செய்தவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது. யூட்டிங்கிடம் சந்தேகப்பட்டதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவள்தான் பாவம், வயரை அறுத்தது தானில்லை என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பதினெட்டுப் பேருக்கும் மறுபடி லிசனிங் வைத்தேன். வேறு ஆடியோ, சோதித்துப் பார்த்த ஹெட்செட், ஆடியோ முடிந்த பிறகே கேள்விகள். யூட்டிங் பதின்மூன்று எடுத்தாள். பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பதினெட்டு என்றதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"பிட் இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"எங்க வச்சிருந்தா?"

"கொஸ்டின் பேப்பர்லதான். நானே பிரின்ட் எடுத்து, பதினெட்டுப் பேருக்கும் என் கையாலயே குடுத்திருக்கேன்."