பதினோராம் பத்தி

நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் அந்த டைப்பிங் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்டூல். இடது பக்கக் கம்ப்யூட்டர் அவளுடையது. ஜூனியர் வக்கீல்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'வியூ மேடம்'. கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் பொருந்தாமல் இல்லை. யார் பென்டிரைவை நீட்டினாலும் ஃபைல் எந்த வியூவில் இருக்கிறது என்று பார்க்காமல் ஓர் எழுத்தைத் தொடமாட்டாள். ஜூமை நூற்றிருபதுக்கு ஏற்றுவாள். ரிவ்யூவுக்குப் போய், திருத்தங்களை மறைத்துவைக்கும் நோ மார்க்கப்பில் இருப்பதை, அத்தனையையும் காட்டும் ஆல் மார்க்கப்புக்கு மாற்றுவாள். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளை வெளேரென்று இருந்த பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு, ஓரமெல்லாம் யார் யாரோ எழுதிய குறிப்பு.

"கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லாம போயிடுமா சார்? மறைச்சுதான் வெச்சிருக்கீங்க. அக்செப்ட் குடுத்தாதான் போகும். இப்படியே அனுப்பினீங்கன்னா அந்தப் பக்கத்து வக்கீல் உட்கார்ந்து அத்தனையும் படிப்பாரு."

படித்த மனிதர்களுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் ஏறவே ஏறாது. ஒரு பெரிய வக்கீல், தன் கட்சிக்காரரைப் பற்றி ஓரத்தில் 'இவர் சொல்வது நம்பும்படி இல்லை' என்று எழுதிவைத்து, அதை அப்படியே எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சந்தி சிரித்துப்போனது. அதற்குப் பிறகும் திருந்தினாரா என்றால் இல்லை. நேற்றுக்கூட அதே லட்சணத்தில் ஒரு ஃபைல் அனுப்பியிருந்தார்.

அவளுடைய சொந்த விவாகரத்து வழக்கும் இதே சந்தில்தான் நடந்துகொண்டிருந்தது. கணவன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம். சண்டை, சத்தம் ஒன்றும் இல்லை; ஒரு திங்கட்கிழமை பெட்டியோடு போனான், அடுத்த திங்கட்கிழமை திரும்பி வரவில்லை. அவள் அழவில்லை. அழுகை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். கால் மரத்துப்போனால் தரையில் உதறிக்கொள்ளலாம். இதை எங்கே போய் உதறுவது? சாப்பிட்டாள், டைப் அடித்தாள், தூங்கினாள். கேட்டவர்களிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், அதில் பொய்யும் இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் அவளை விடாமல் பிடித்திருந்தது. அதைக் கேட்பவள் ஏழரை வயது மகள். பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பாள்.

"அப்பா என்னைக் கேட்டாராம்மா?"

"பேப்பர் வரட்டும்டி. பார்த்துச் சொல்றேன்."

ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தப் பேப்பர் வந்தது. அவளுடைய வக்கீலம்மா போனில் கூப்பிட்டார்.

"உன் ஒப்பந்தத்தை அந்தப் பக்கத்துல இருந்து அனுப்பிட்டாங்கம்மா. உனக்கு மெயில்ல போட்டிருக்கேன். நீயே ரெண்டு காப்பி எடுத்துட்டு வந்துடு. நாளைக்குக் கையெழுத்து."

திறந்தாள். சுத்தமான பக்கங்கள். பதினோராம் பத்திக்கு வந்ததும் நின்றாள். 'குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். குழந்தையைச் சந்திப்பது தொடர்பாகத் தந்தைக்குக் கோரிக்கை எதுவும் இல்லை.' இரண்டு முறை படித்தாள். பெண்ணைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வானோ என்று முதல் சில மாதங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

பழக்கதோஷம், கை தானாக ரிவ்யூவுக்குப் போனது. ஆல் மார்க்கப்.

பதினோராம் பத்தியில் சிவப்பாக ஒரு வரி எழுந்து வந்தது, நடுவில் கோடு கிழித்து. 'ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை குழந்தை தந்தையுடன் இருக்கும்.' ஓரத்தில் அவனுடைய வக்கீலின் குறிப்பு: 'நீங்கள் கேட்டபடி எழுதியிருக்கிறேன்.' அதற்குக் கீழே, அந்த வரியை அடித்து நீக்கியவர் பெயர், தேதி, நேரம். பெயர் அவனுடையது. வக்கீல் குறிப்பு எழுதி ஆறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவனே உட்கார்ந்து நீக்கியிருக்கிறான். 'கோரிக்கை எதுவும் இல்லை' என்பதும் அவன் சேர்த்ததுதான்.

அடித்துவிட்டு, திரையில் தெரியவில்லை என்பதால் போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். வீட்டில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அவள் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால்தானே.

மூன்றே முக்காலுக்கு மகள் வந்தாள். ஷூவில் ஒன்று கழன்றது.

"பேப்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கேட்டாரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கேட்டாரு" என்று வந்தது. அதிலும் பொய்யில்லை.

"எங்க, காட்டு."

அவள் யோசிக்கவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. வியூவை ஒரிஜினலுக்கு மாற்றினாள். திருத்தம் ஏதும் நடப்பதற்கு முன் பக்கம் எப்படி இருந்ததோ அப்படிக் காட்டும் வியூ அது. கோடும் போனது, ஓரத்துக் குறிப்பும் போனது. வரி கறுப்பாக, உறுதியாக நின்றது. மகள் ஒற்றை ஷூவோடு வந்து, திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"பத்து மணியில இருந்து ஆறு மணி வரைக்குமா! அப்ப மத்தியானச் சாப்பாடும் அங்கதானா? இந்த ஞாயித்துக்கிழமையே வருவாராம்மா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள், திரையில் தெரிவதை உண்மை என்று தன் பிள்ளைக்கே காட்டியிருக்கிறாள். எந்த ஜூனியரும் இப்படி ஒரு தப்புப் பண்ணியதில்லை. ஆல் மார்க்கப்பைத் திரும்ப வைத்தாள். கோடு வந்தது.

"இதை அடிச்சுட்டாங்கடி."

"யாரு?"

"அப்பா."

மகள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பெரிய மனுஷி போல அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"தெரியாம அடிச்சிருப்பாரும்மா. நீ திருப்பிப் போட்டுடு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தெரியும். வரியின் மேல் வலது கிளிக், ரிஜெக்ட்; அடித்த வரி திரும்ப வந்துவிடும். ஒரு வினாடி வேலை. எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். மவுசின் மேல் விரல் அப்படியே நின்றது. பதினோரு மாதமாக மரத்துக் கிடந்தது அந்த விரலிலிருந்து விட்டுப்போனது. நெஞ்சு வரைக்கும் வலித்தது.

"தெரியும்டா," என்றாள். "ஆனா அது அம்மா போட முடியாத வரி."

நோ மார்க்கப் வைத்து, இரண்டு காப்பிக்கு பிரிண்ட் கொடுத்தாள். மகள் ஒற்றை ஷூவோடு பிரிண்டருக்குப் போனாள். சூடாக வந்த தாள்களை எடுத்துப் பதினோராம் பத்தியைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். அந்தப் பிரதியில் ஞாயிற்றுக்கிழமை வரி இல்லை என்றதும், அடுத்த பிரதியை எடுத்தாள்.