கை படாத கைப்பிடி

எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. சைக்கிளில் ஆறு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தள்ளி வருவார். வழிநெடுக அந்தக் குடங்களைத் திட்டிக்கொண்டே வருவார்.

ஒருநாள் மேட்டில் ஏறும்போது ஹேண்டில்பாரின் ரப்பர் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. சைக்கிள் சாய்ந்து, ஆறு குடத்துத் தண்ணீரையும் கரிசல் மண் குடித்தது. அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் புதுக் கைப்பிடிகளோடு வந்தார். மேட்டில் உதவலாம் என்று ஒன்றைப் பிடிக்கப் போனேன்.

“தொட்டுராதீங்க தம்பி! துருவைச் சுரண்டிட்டு, பஞ்சர் ஒட்டுத சொல்யூஷனைத் தடவி மாட்டியிருக்கேன். நாளைக்கு வரைக்கும் கை படக்கூடாது.”

“அப்போ எதைப் பிடிச்சுத் தள்ளுதீங்க அக்கா?”

“இரும்பைத்தான்.”

ஹேண்டில்பாரை நடுவில் பிடித்தால் வெறும் சைக்கிளே சொன்னபடி கேட்காது. சித்திரை வெயிலில் இரும்பு வேறு கொதித்தது. அவர் முந்தானையைச் சுற்றி அங்கேயே பிடித்தார். சீட்டை இடுப்பால் முட்டி மேடேறினார். தளும்பிய ஒரு குடத்துக்கு மட்டும் திட்டு விழுந்தது.

“ஏட்டி, ஒனக்கு மட்டும் என்ன ஆட்டம்?”

அடுத்த நாள் என் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“இப்போ இழுத்துப் பாருங்க தம்பி.”

இரண்டு கையாலும் பலமாக இழுத்தேன். கைப்பிடி அசையவில்லை, ஆறு குடத்தோடு சைக்கிளே என் பக்கம் சாய்ந்தது. மறுபக்கத்தை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“போதும் தம்பி, தண்ணி சிந்திரும்.”