ஐஸ்லாந்திலிருந்து வந்த எங்கள் அத்தான்

எங்கள் அத்தான் இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் தெம்பு அக்காவுக்கு இன்னும் வரவில்லை. “நீயே எழுது. ஆனா ரொம்ப நல்லவரா ஆக்கிடாத. மேட்ச்ல தோத்தா மூணு நாள் பேசமாட்டாங்க, அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

அத்தான் ஐஸ்லாந்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். தாத்தா, தந்தை, இரு அண்ணன்மார் எல்லோரும் அவ்வூர்க் கால்பந்து அணிக்கு ஆடியவர்கள். புல் முளைக்காத கருஞ்சரளை மைதானத்தில் விழுந்து எழுந்த தழும்பு இல்லாத முழங்கால் அந்த வீட்டில் கிடையாதாம். மூன்று மகன்களும் ஒரே ஆட்டத்தில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தந்தையின் நெடுநாள் ஆசை.

எண்பதுகளின் தொடக்கத்தில், விளையாட்டு வீரர்களுக்கான உதவித்தொகையில் அமெரிக்காவின் சான் ஹோசேக்குப் படிக்க வந்தார். அதே கல்லூரியில் அக்கா கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும், தூத்துக்குடியில் பிறந்து இங்கே இன்ஜினியராக இருந்த அப்பா கொதித்துப்போனார்.

“பந்து உதைக்கறத ஒரு வேலைன்னு சொல்லுதான். இவனுக்கா பொண்ணு குடுக்கச் சொல்லுத?”

அத்தான் வாதாடவில்லை. எங்கள் கத்தோலிக்க சபையைச் சேராதவர் என்றாலும் ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருநாள் சாப்பாட்டுக்கு அழைத்தபோது மீன் தலையை அவர் ருசித்துச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அம்மா இளகிவிட்டார். அப்பா இளக மேலும் ஆறு மாதம் பிடித்தது.

திருமணமான மறு ஆண்டு, பயிற்சியின்போது மயங்கி விழுந்தார். வெயிலால் வந்த மயக்கம் என்று எல்லோரும் சொல்ல, எங்கள் ஆலயத்து டாக்டர் அங்கிள் மட்டும் விடாமல் ஸ்கேன் எடுக்க வைத்தார். இதயத் தசை தடித்திருந்தது. இனி ஆடக் கூடாது, ஓடவே கூடாது என்றார்கள்.

அந்தக் கோடையில்தான் ஊர் அணியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அண்ணன்மாரோடு மூன்றாமவருக்கும் இடம். அங்கே யாருக்கும் நோய் தெரியாது. “ஒரே ஒரு மேட்ச்” என்று அத்தான் கெஞ்சியது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

“நான் தடுத்தா லைஃப் பூரா என் மேல வருத்தமா இருப்பீங்க. போகணும்னா போங்க. ஆனா உங்க அப்பாகிட்ட மறைச்சிட்டுப் போகாதீங்க” என்றார் அக்கா.

இரண்டு நாள் அத்தான் தொலைபேசிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பேசினார். அவர்கள் மொழி எங்களுக்குப் புரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “மைதானத்துக்குள் வேண்டாம், என் பக்கத்தில் வந்து உட்கார் என்கிறார் அப்பா.”

போய் உட்கார்ந்தார். அண்ணன்மார் ஆடியதைத் தந்தையோடு பார்த்தார். அணி தோற்றது. திரும்பி வந்து, வழக்கம்போல, மூன்று நாள் பேசவில்லை!

அதன்பின் சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். மகள் பிறந்தாள். சனிக்கிழமைகளில் அப்பாவும் அவரும் பூங்காவில் மடக்கு நாற்காலி போட்டு ஆட்டம் பார்ப்பார்கள். “ஆஃப்சைடுன்னா என்னன்னு மாப்பிள்ளை ஆறு தடவ சொல்லிக் குடுத்தாரு. இன்னும் வெளங்கல” என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

சென்ற ஆண்டு, 1990இல், ஒரு காலை, வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மார்பை அழுத்தி மூச்சு ஊதிய எதிர்வீட்டுப் பெண்மணிக்கு எங்கள் நன்றி. டாக்டர் அங்கிளுக்கும், ஒரு மாதம் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்ற விடாமல் சாப்பாடு கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய கல்லூரி அணித் தோழர்களுக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு அத்தானின் தந்தை இரு மகன்களோடு வந்திருந்தார். அப்பா அவரிடம் போய், “சம்பந்தி” என்று தொடங்கி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் மகனை உங்கள் ஊருக்கே கொண்டுபோக விரும்பினால் நாங்கள் மறுக்க மாட்டோம்.”

அந்தப் பெரியவர் அக்காவின் மடியிலிருந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டார். “இவள் இங்கேதானே வளரப்போகிறாள்? இவள் அப்பா இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அப்பா நன்றி சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெரியவரின் கைகளைப் பற்றிக்கொண்டதோடு சரி. அப்பா சார்பில் இங்கே நான் சொல்கிறேன். ஐயா, உங்கள் மகனை எங்களிடம் விட்டுச் சென்றீர்கள். ஞாயிறு தவறாமல் உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் அவரைப் பார்த்துவருகிறோம்.