கனகு அண்ணன் சொல்லாமல் விட்ட வசனம்

திருகோணமலையில், துறைமுக வீதியில் மூதூர் பஸ்ஸுக்கு நின்றபோது கனகு அண்ணனின் தங்கை போன் எடுத்தார். "அண்ணை அமெரிக்காவில கண்ணை மூடிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையில இங்க வாசிக்க நீதான் ஒரு பக்கம் எழுதித் தரவேணும். அங்க அவரோட பழகினது நீதானே," என்றார். சரி என்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

விசாக் குலுக்கலில் விழுந்து நானும் என் கணவர் யோகனும் அமெரிக்காவில் அண்ணன் இருந்த நகரத்தில் போய் இறங்கியபோது, எங்களிடம் இருந்த ஆங்கிலம் கடையில் பாண் வாங்கவும் காணாது. அண்ணனோ திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்காரரோடு பேசிப் பேசியே ஆங்கிலம் பிடித்தவர். வீட்டுக்காரன், யோகனின் மனேஜர் எல்லோரோடும் எங்களுக்காக அவர்தான் பேசினார். லீவு போட்டுவிட்டு வருவார். தேத்தண்ணி மட்டும் குடிப்பார். "விளங்காட்டிலும் யெஸ் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. நோ எண்டால் திருப்பித் திருப்பிக் கேட்டு அறுப்பாங்கள்," என்பார். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரல் இப்போதும் காதில் கேட்கும்.

யோகனுக்கு வயிற்றில் வருத்தம் வந்தபோதும் ஆஸ்பத்திரிக்கு அண்ணனே கூட வந்தார். டொக்டர் அம்மா நெடுநேரம் பேசினார். 'மன்த்ஸ்' என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாக விழுந்தது. "கொஞ்ச மாதம் மருந்து எடுக்கவேணுமாம். சுகமாயிடுமாம்," என்றார் அண்ணன். விளங்கியதா என்று டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் யெஸ் என்றேன். அவர் என் தோளைத் தடவினார். நல்ல மனுசி என்று நினைத்தேன்.

ஊரில், மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் இருந்த தாயைப் பார்க்கவேண்டும் என்று யோகன் நச்சரித்தபடியே இருந்தார். "மருந்து முடியட்டும், பொங்கலுக்குப் போவம்," என்று நான் மறித்தேன். பொங்கலுக்கு அவர் இல்லை.

பிறகு ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்துக் கதிரையில் எத்தியோப்பியாக்காரி அல்மாஸ். அவளுக்கு அம்ஹாரிக், எனக்குத் தமிழ், நடுவில் இருவரும் உடைத்து உடைத்துப் பேசும் ஆங்கிலம். ஒருநாள் அவள் தன் புருஷனின் கதையைச் சொன்னாள். டொக்டர் 'மன்த்ஸ்' என்றாராம். மகள் அதை அழுதுகொண்டே அப்படியே தங்கள் மொழியில் சொன்னாளாம். அடுத்த கிழமையே அவர் ஊருக்குப் போய், தாயின் வீட்டில் கண்ணை மூடினாராம். எங்கள் டொக்டர் சொன்னதும் அதே சொல்தான்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்டைக்கு டொக்டர் உண்மையா என்ன சொன்னவ, அண்ணை?"

அவர் குசினிப் பக்கம் பார்த்தபடி நின்றார். "கொஞ்ச மாதம்தான் இருப்பார் எண்டவ. அதை எப்பிடித் தங்கச்சி என்ர வாயால சொல்லுறது? எனக்கு ஏலாது."

"உங்கட வாயை நம்பித்தானே எங்கட காதைத் தந்தனாங்கள்?"

நான் திரும்பி வந்துவிட்டேன். அதன்பிறகு நான் அவரோடு பேசவுமில்லை.

வருத்தக்காரருக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவதை நாம் நல்ல மனம் என்கிறோம். அவர் மனம் நல்லதுதான். எங்களுக்காக அலைந்த அலைச்சலையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மாதங்கள் யோகனுடையவை. அவற்றை ஒளித்துவைக்க அண்ணனுக்கு யார் உரிமை கொடுத்தது? வேறு யாராவது செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது நான் ஊர் திரும்பி, கட்டைபறிச்சானில் யோகனின் தாயான மாமியோடு இருக்கிறேன். அண்ணனின் செய்தி கேட்டு மாமி தலையில் அடித்து அழுதார். "உங்களுக்கு வாயா இருந்த பிள்ளையல்லோ!" அழுது முடித்து, வழக்கமாகக் கேட்பதையே என்னிடம் திரும்பவும் கேட்டார். "சாகப்போறன் எண்டு தெரிஞ்சும் என்ர மகன் ஏன் என்னைப் பாக்க வரேல்ல?" அண்ணனின் பெயர் கெடக்கூடாது என்று நான் எப்போதும்போலப் பேச்சை மாற்றினேன்.

கனகு அண்ணன் என்னிடம் விட்டுப்போனது, அவர் மொழிபெயர்க்காத அந்த ஒரு வசனம்தான். இனி நான் அதை வைத்திருக்கப்போவதில்லை. இது வாசிக்கப்படும்போது மாமி முன்னால் இருப்பார். மாமி, உங்கள் மகன் உங்களைப் பார்க்க மனமில்லாமல் இருக்கவில்லை. சாகப்போவது அவருக்குத் தெரியாது.