ஒரு வீட்டுக்கு ஒரு வயர்

"வானத்துல எத்தனை சாட்டிலைட் வேணும்னாலும் கறங்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு வயர் போதும் ஆக்கும். ரெண்டாவது வயர் இழுக்கியவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன்!"

பாறசாலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சுந்தரதாஸ், செங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு சாயைக்கடை வாசலில் வெளியிட்ட பிரகடனம் இது. கேட்டவர்கள் மூவர். ஒருவர் வாயில் பழம்பொரி இருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

பிரகடனத்துக்கு ஆதாரம் அவர் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. நான்கு டிஷ்கள். ஒன்று தமிழுக்கு, ஒன்று மலையாளத்துக்கு, ஒன்று சுவிசேஷத்துக்கு. நான்காவது மேற்கே அரபிக்கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அது எதற்கென்று அன்று அவருக்கே தெரியாது. நாலு வயரும் சோப்புப்பெட்டி அளவுள்ள ஒரு சுவிட்சில் வந்து சேரும். அங்கிருந்து ஒரே வயர் வீட்டுக்குள் இறங்கும். ரிமோட்டை அமுக்கினால் சுவிட்ச் வேண்டிய டிஷ்ஷுக்குத் திரும்பிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு டிஷ்தான். அதையும் ஒரு நல்லொழுக்கமாகவே அவர் கருதினார்.

பக்கத்து வீட்டு சொக்கநாதன் பிள்ளை, ஓய்வுபெற்ற சர்க்கார் குமஸ்தா, மதில் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்ன வே தாசு, கல்யாண சத்யைக்குப் பாயச உருளி கழுவிக் காய வச்சிருக்கீரா?"

"பாயசம் ஆனதும் ஒமக்கும் ஒரு தவி விளம்புதேன் வே."

உள்நாட்டு எதிர்க்கட்சி, மனைவி தங்கபாய். இத்தனை வருட இல்லறத்தில் அவர் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று: அடுக்களையில் சின்னதாக ஒரு டிவி. அவருடைய தமிழ் சீரியலும் சுந்தரதாஸின் மலையாளச் செய்தியும் ஒரே நேரத்தில் வந்தன. அதுவும் குடும்ப ஜெபம் முடிந்த கையோடு. 'ஆமென்' சொன்னதும் யார் கை ரிமோட்டில் முதலில் விழுகிறதோ அவருக்கே அன்றைய வானம். ஜெபம் நடத்துகிறவர் சுந்தரதாஸ் ஆகையால், ஆமென் எப்போது வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தங்கபாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த அநீதியைச் சமாளித்தார். கர்த்தர் இருவரையும் பொறுத்துக்கொண்டார்.

பிறகு மஸ்கட்டில் மகள் லிஷாவுக்குப் பிரசவம். பிள்ளை பார்க்கத் தங்கபாய் விமானம் ஏறினார். ஓணத்துக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. லிஷா டூட்டிக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் போனது. ஓணம் தங்கபாய் இல்லாமலே கழிந்தது.

இப்போது ஆமென் சொன்ன பிறகும் ரிமோட் இருந்த இடத்திலேயே கிடந்தது. சுந்தரதாஸ் கையை நீட்டுவார். இன்னொரு கை வருவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுப்பார். வராது. எதிர்க்கட்சி இல்லாத சபையில் செய்தி ருசிக்கவில்லை. மேற்கே பார்த்து நின்ற நான்காவது டிஷ்ஷுக்கு அப்போதுதான் உத்தியோகம் கிடைத்தது. புரியாத அரபிச் சேனலில் வானிலை வரைபடத்தின் மேல் எண்கள் வரும். மஸ்கட் எதுவென்று கண்டுபிடித்துவிட்டுத் தங்கபாய்க்குப் போன் போடுவார்.

"பிள்ளே, அங்க இன்னைக்கு சூடு கூடுதல் இல்லியா?"

"நான் ஏசிக்குள்ள இருக்கேன். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"வானம்."

ஒருநாள் தங்கபாய் சொன்னார்: "லிஷாக்க அடுக்களையில டிவி உண்டு. ஆனா எனக்க சீரியல் வராது. அங்க அடுக்களையில ஒண்ணு வச்சுத் தருவேண்ணு சொல்லுங்க, வாறேன். இல்லேண்ணா இங்கேயே இருந்துக்கிடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கொள்கையை அவ்வளவு எளிதில் விட முடியுமா? இருந்த ஒரு வயரையே இரண்டாகப் பிரித்து, அடுக்களையில் ஒரு சின்ன டிவியை மாட்டிப் பார்த்தார். முன்னறையில் செய்தி வைத்தால் சுவிட்ச் மலையாளத்துக்குத் திரும்பியது. அடுக்களையில் சீரியல் மருமகள் பாதி அழுகையில் மறைந்தாள். அவளை மீட்டால் செய்தி வாசிப்பவர் மறைந்தார். தங்கள் இல்லறம் முழுவதையும் அந்தச் சோப்புப்பெட்டி நடித்துக் காட்டுவதைச் சுந்தரதாஸ் நின்று பார்த்தார்.

சொக்கநாதன் பிள்ளை குடும்பத்தோடு மகேஸ்வரம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாடி ஏறினார். தமிழ் டிஷ்ஷிலிருந்து தனியாக இன்னொரு வயர் இழுத்து, அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். சாட்சி ஒரு காக்கை.

மனைவியிடம் சொல்லவில்லை, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தார். கிறிஸ்மஸுக்கும் வர முடியாதுபோல் இருக்கிறது என்று போன் வந்தது.

அன்று முதல், ஜெபம் முடிந்ததும் அடுக்களையில் சீரியலைப் போட்டுவிட்டு, முன்னறையில் வந்து செய்தி பார்ப்பார். சுவருக்கு அந்தப்பக்கம் தமிழ் அழுகை கேட்கும்.

"பிள்ளே, சத்தத்தைக் குறை!" என்று பழக்கத்தில் கூப்பிடுவார். சத்தம் குறையாது. அதுவும் பழையபடிதான்.

அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் போன் அடித்தது.

"லிஷாக்க அப்பா, அது எனக்க சீரியல்ல வாற மாமியாருக்க குரல் இல்லியா?"

"அடுத்த வீட்டு டிவி ஆக்கும்."

"அடுத்த வீடு எப்பம் நம்ம அடுக்களைக்குள்ள வந்து?"

சுந்தரதாஸ் ரிமோட்டை எடுத்துச் செய்தியின் சத்தத்தைக் குறைத்தார்.

"செரி, ஒண்ணும் சொல்லாண்டாம், மிண்டாதிங்க. போனைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போங்க, கேக்கட்டு."

அவர் எழுந்து போய், வீடியோவைப் போட்டு, போனை மிக்சிமேல் சாய்த்து, தங்கபாய்க்கு டிவித் திரை தெரியும்படி வைத்தார். ஜன்னல் வழியே வந்த இரண்டாவது வயர் காற்றில் லேசாக ஆடியது. மனைவி உட்காரும் குரண்டியை இழுத்துப்போட்டு, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னறையில் செய்தி கேட்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.